முதல் மணியிலேயே எடுக்கப்படும் எண்

கானா நாட்டில், குமாசி நகருக்குப் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் ஒட்டும் குவாக்கு போன்சு, தம்மைப் பஞ்சர் ஒட்டுபவர் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. கட்சியின் குரல் என்றே சொல்லிக்கொள்வார். பன்னிரண்டு ஆண்டுகளாக, ஞாயிறு நீங்கலாக, காலை ஆறரைக்கு எங்கள் ஊர் வானொலியின் அரசியல் நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் பேசி வந்தார். கைப்பேசி கட்சி கொடுத்தது. அதற்குக் காசு போடுவதும், என்ன பேசவேண்டும் என்பதை முந்தின மாலையே எழுதி அனுப்புவதும் கட்சிதான். அவருடையது என்று சொல்லத் தக்கது தொண்டை ஒன்றே. அதையும், இந்தத் தேர்தலில் கட்சி மீண்டும் வென்றால் கிடைக்கப்போவதாகச் சொல்லப்பட்ட சந்தை மேற்பார்வையாளர் வேலைக்காக அடகு வைத்திருந்தார்.

திருச்சபைப் பாடகர் குழுவில் அவருக்கு அடுத்து நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தத் தொண்டை இறைவன் தந்த உயர்ந்த கொடை. தந்தவன் வாரத்தின் மற்ற ஆறு நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்னும் அச்சம்தான் அவருக்கு இல்லை.

நிகழ்ச்சியை நடத்தும் அமோவாவிடம் ஒரு பட்டியல் உண்டு. இந்தக் கட்சிக்கு ஆறு எண்கள், அந்தக் கட்சிக்கு ஆறு எண்கள். பிறர் அழைத்தால் மணி அடித்து அடித்து ஓயும். "இப்போது நாட்டு மக்கள் பேசுகிறார்கள்" என்று அமோவா அறிவிக்கும்போது, அந்தப் பன்னிருவரே நாடு.

எங்கள் தெருக்கோடியில் பிரசவ விடுதி ஒன்று கட்டி முடித்து, நாடா வெட்டி, பதினான்கு மாதங்களாகப் பூட்டிக் கிடந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாத கட்டில்களைச் சன்னல் வழியே எவரும் பார்க்கலாம். மார்ச்சு மாதத்தில் பக்கத்து வீட்டு எஃபியா, பிரசவ வலியோடு மாவட்ட மருத்துவமனைக்குப் போகும் வழியில் வாடகை வண்டியிலேயே உயிர்விட்டாள். போன்சுவின் மகள் திவாவுக்கோ தலைப்பிரசவம். எட்டு மாதம் முடியும் தறுவாய். டிசம்பர்த் தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது.

போன்சுவின் மனைவி ஆச்சியா, அவர் கடைக்கு அருகிலேயே புளித்த சோளமாவைக் கென்கி உருண்டைகளாக அவித்து விற்பவள். அவளும் தெருப்பெண்களும் ஒரு மாதமாக வானொலியை அழைத்துப் பார்த்துச் சலித்திருந்தார்கள்.

"ஏங்க, நீங்க கூப்பிட்டா முதல் மணியிலயே எடுக்கிறான். ஒரே ஒரு நாள் அந்தப் பூட்டைப் பத்திக் கேளுங்க."

"அது எழுதி வரலியே."

"உங்க பொண்ணு வயித்துல இருக்கறது மட்டும் எழுதி வந்துச்சா?"

"தேர்தல் முடியட்டும், ஆச்சியா. இப்பக் கேட்டா எதிர்க்கட்சிக்காரனுக்குத் தீனி போட்ட மாதிரி ஆயிடும்."

"அப்ப வயித்துக்குள்ள இருக்கற பிள்ளைக்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, அதுவரைக்கும் பொறுத்துக்கோன்னு. நல்லாப் பேசுவீங்களே."

செவ்வாய்க்கிழமை கட்சியின் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரே வானொலி நிலையத்துக்கு வந்தார். ஆச்சியாவின் கடையில் வானொலி ஒலிக்க, பெண்கள் கூடியிருந்தார்கள். போன்சு தம் கடையில் டயர்மேல் அமர்ந்தபடி அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"அமோவா தம்பி, வணக்கம். நம்ம ஊருக்குப் பிரசவ விடுதி கட்டிக் கொடுத்த ஐயாவுக்குத் தாய்மார்கள் சார்பாக் கண்ணீரோட நன்றி. இவ்வளவு சீக்கிரமா எப்படி ஐயா முடிச்சீங்க?"

"எல்லாம் உங்கமேல வச்ச அன்புதான், போன்சு" என்றார் உறுப்பினர். போன்சு தம் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

ஆச்சியா மாவு படிந்த கையோடு எழுந்து வந்து, கணவர் காதிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. தடுத்தால் அந்தச் சத்தம் வட்டாரம் முழுவதும் கேட்கும் என்பதை அறிந்தவர் அவர்.

"ஐயா, கென்கி விக்கிற ஆச்சியா பேசறேன். அந்த விடுதி பூட்டியே கிடக்கு. சாவி யாருகிட்ட இருக்கு?"

"அம்மா, அது வந்து, இன்னும் சில சாமான்கள் வரவேண்டியிருக்கு."

"கட்டில் வந்தாச்சு. மருத்துவச்சி வந்து எட்டு மாசமாச்சு, தினம் எங்கிட்டதான் சாப்பிடறா. வராதது சாவி ஒண்ணுதான்."

அமோவா குறுக்கிட்டார். "அம்மா, லைன் சரியாக் கேக்கல."

"நல்லாக் கேக்குது, தம்பி. எம் புருசன் பொய் சொன்னப்ப எவ்வளவு தெளிவாக் கேட்டுச்சு."

அடுத்த நொடி ஒரு துதிப்பாடலைப் போட்டுவிட்டார்கள். அவ்வேளையில் துதிப்பதற்கு என்ன இருந்தது என்பதை அமோவாவே அறிவார்.

மறுநாள் எதிர்க்கட்சியின் ஆறு குரல்களும் விடுதிக்காக அழுதன. அறுவரில் ஒருவர்கூட அதைக் கண்ணால் கண்டவரில்லை. ஒருவர் தம் பேச்சில் அதை ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார். ஆயினும், எஃபியாவின் சாவு பெற்றுத்தராத சாவியை வாக்குப் போய்விடும் என்ற பயம் பெற்றுத்தந்தது. வியாழக்கிழமை பூட்டைத் திறந்து, வெட்டிய நாடாவையே புதிதாகக் கட்டி மறுபடியும் வெட்டினார்கள்.

போன்சுவின் எண் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நாற்பது முறை அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. கைப்பேசியையும் கட்சி திரும்ப வாங்கிக்கொண்டது. ஐந்து நாள் அவர் மனைவியிடம் பேசவில்லை; அவள் அவித்த கென்கியை மட்டும் ஒருவேளை விடாமல் உண்டார்.

வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு திவா அந்த விடுதியில் பெண்குழந்தை பெற்றாள். குருதிப்போக்கு மிகுதி. அதை நிறுத்தி முடித்த பின் மருத்துவச்சி ஆச்சியாவிடம், "வண்டியில போயிருந்தா வழியிலயே உயிர் போயிருக்கும், அக்கா" என்றாள். ஆச்சியா தரையில் அமர்ந்துவிட்டாள்.

மறுநாள் கட்சிக்காரர்கள் மூவர் படக்கருவியோடும், குழந்தையைச் சுற்றக் கட்சி வண்ணத் துணியோடும் வந்தார்கள். ஆச்சியா விடுதியின் வாசலை மறித்து நின்றாள்.

"எதுக்குப்பா துணி?"

"புது விடுதியில பிறந்த முதல் பிள்ளை, அம்மா. ஐயாவோட சுவரொட்டிக்கு."

"அவளுக்கு ஓட்டு இல்ல. ஓட்டு இருக்கறவங்களப் போய்ப் படம் எடுங்க."

அவர்கள் திரும்பியபோது, குளித்துக் கட்சிச் சட்டை அணிந்து போன்சு வேலியோரம் நின்றிருந்தார்.

"தம்பிகளா, நான் பிள்ளையோட தாத்தா. நான் நின்னாப் பரவாயில்லையா?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவரை வாயிலுக்கு முன்னே நிறுத்தினார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பின்னாலிருந்த பலகையில் உறுப்பினரின் பெயர் மறைகிறது, சற்று இடப்பக்கம் போங்கள் என்றான் படம் எடுப்பவன்.

போன்சு நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் என்றான். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.