தொடர்பில் இல்லாத ஏழு பேர்

என் மருமகள் கை பட்டால் கணையம் எழுந்து நின்று வணக்கம் வைக்கும். சரி, கூட்டித்தான் சொல்கிறேன், வணக்கமெல்லாம் வைக்காது. ஆனால் கல்லீரல், கணையம், குடல் அறுவை சிகிச்சையில் அவளைப் போல இன்னொருத்தி இல்லை என்று அவளுடைய பிரிவில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள், ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவர்மேல் எனக்குள்ள கோபத்தில் தாள் கிழியாமல் இதை எழுதி முடித்தால் பெரிய காரியம்.

கணையத்தைத் தைப்பது ஈர வெண்ணெயைத் தைப்பது மாதிரி. நூல் அறுத்துக்கொண்டு போகும். உணவைச் செரிக்க வைக்கும் அதன் சாறு தையல் வழியே ஒழுகினால், உள்ளே இருக்கும் இரத்தக் குழாயையே செரித்துவிடும். கட்டியை வெட்டியபின் மிச்சக் கணையத்தைக் குடலோடு ஒழுகாமல் இணைப்பது எப்படி? இந்த ஒரு கேள்வியோடு பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்தினாள். கடைசியில் தானே ஒரு புதுத் தையல் கண்டுபிடித்தாள். பாதிப் பேருக்குப் பழைய தையல், பாதிப் பேருக்குப் புதுசு என்று ஆய்வு தொடங்கியது.

வீட்டுக்குப் போன நோயாளிகளை ஞாயிறு மதியம் அவளே போனில் கூப்பிடுவாள். எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான்.

"மலம் மிதக்குதாம்மா, அடியில போயிடுதா? எண்ணெய் மாதிரி பளபளன்னு இருக்கா?"

என் மகன் தட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவான்.

"ஏம்மா, இதெல்லாம் கை கழுவினப்புறம் கேட்கக்கூடாதா?" என்பேன்.

"இப்பதான் அத்தை அவங்க எல்லாரும் வீட்ல இருப்பாங்க. நீங்க காதைப் பொத்திக்கோங்க."

சில நாள் மறுமுனையில் வேறு யாராவது எடுப்பார்கள். அப்போது இவள் குரல் இறங்கிவிடும். "எப்போ?" என்று மட்டும் கேட்டு, நோட்டில் எழுதுவாள். அன்றைக்கு அவள் கை தட்டிலேயே காய்ந்துபோகும்.

அப்படி ஏழு பேர். எல்லோரும் நலமாக வீடு திரும்பியவர்கள். நாற்பது நாளுக்குள் உள்ளே இரத்தம் கசிந்து இறந்தவர்கள். ஏழு பேருக்குமே புதுத் தையல். பெற்ற பிள்ளையே திருடன் என்று தெரிந்தவள் மாதிரி இருந்தாள்.

அவளுடைய தலைமை மருத்துவரை நான் இஸ்திரி என்பேன். கோட்டில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. ஆய்வுக் கட்டுரையை அவர் எழுதினார், தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டு. அந்த ஏழு பேரையும் 'தொடர்பில் இல்லை' என்று ஒதுக்கிவிட்டு மற்றவர்களை மட்டும் கணக்கில் எடுத்தார். புதுத் தையல் அமோக வெற்றி.

இவள் நோட்டோடு அவர் அறைக்குப் போனாள்.

"சார், இவங்க தொடர்புல இல்லாதவங்க இல்ல. இறந்துட்டாங்க. நான்தான் வீட்டுக்குப் பேசினேன்."

"நம்ம ஆஸ்பத்திரியிலயா இறந்தாங்க?"

"இல்ல சார்."

"பிரேதப் பரிசோதனை நடந்ததா?"

"இல்ல."

"அப்புறம் எதனால போனாங்கன்னு யாருக்குத் தெரியும்? போன்ல யாரோ அழுதா அது ஆய்வு ஆகாது டாக்டர். அடுத்த மாசம் மாநாட்டுல திரையில உங்க பேரும் வரும். பேராசிரியர் பதவிக்கு உங்களைத்தான் சொல்லப்போறேன். கெடுத்துக்காதீங்க."

யாரோ அழுதார்களாம். அந்த யாரோ ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி. கணவர் எத்தனை மணிக்கு இரத்த வாந்தி எடுத்தார், அதை எந்த வாளியில் பிடித்தேன் என்பதுவரை சொன்னவள். இதைவிடத் தொடர்பில் எப்படி இருப்பது? செத்தவரை இன்னொரு தடவை காணாமல் போக்க இந்த மனுஷருக்கு அட்டவணையில் ஒரு கட்டமும் இரண்டு சொல்லும் போதுமாக இருந்தது. அந்தக் கையால் எப்படிச் சாப்பிட்டாரோ.

மாநாட்டில் நான் கடைசி வரிசையில் இருந்தேன். இஸ்திரி பேசி முடித்ததும் மருமகள் எழுந்தாள். "அந்த ஏழு வீட்டு நம்பரும் என்கிட்ட இருக்கு. இங்கயே கூப்பிடட்டுமா சார்?" என்றாள்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இஸ்திரிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். இவளுக்குப் பதவி கிடைக்கவில்லை. நாற்பது படுக்கையுள்ள ஆஸ்பத்திரி ஒன்றில் பழைய தையலைத்தான் போடுகிறாள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் மாறவில்லை.

இதுவரை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அத்தை, மாநாட்டுக்கு நீங்க வரவே இல்ல. நானும் எழுந்திருக்கல."

"எழுந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு எழுதினேன்."

"எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். கட்டுரை வந்த பத்திரிகைக்கு நான் கடிதம் போட்டது எட்டு மாசம் கழிச்சு. எங்கயோ இருந்து ஒரு டாக்டர் போன் பண்ணினார். 'உங்க தையலைத்தான் போட்டேன், வீட்டுக்குப் போனவர் இரத்தம் போய் இறந்துட்டார், நான் எந்த இடத்துல தப்புப் பண்ணினேன்'னு கேட்டார். அவர் ஒரு தப்பும் பண்ணல அத்தை. அதை எழுதுங்க."