அண்ணனின் வலது கை

என் அண்ணன் தேவதாஸ் பட்டாளத்தில் இன்ஜினியர் பிரிவில் ஹவில்தார். ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவில் பிறந்தவர். பன்னிரண்டாவது முடித்ததும் பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போனார். முதலில் ஆறுகளில் மிதவைப் பாலம் போடும் வேலை. பிறகு எல்லையில் புதைந்து கிடக்கும் கண்ணிவெடிகளைத் தேடி எடுக்கும் வேலை. கருவி இடத்தைக் காட்டினாலும், கடைசியில் விரலால்தான் மண்ணை விலக்க வேண்டுமாம். அதில் அவருக்கு நல்ல பெயர். எங்களுக்கு அது ஆச்சரியமில்லை. ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, இன்றும் அதைத்தான் செய்கிறேன்.

போன மாசியில் விடுப்பில் வந்தார். பக்கத்தில் ஒரு வெடி வெடித்ததாகவும், தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். ஆனால் ஆவி பறக்கும் டீ கிளாஸை வலது கையால் இறுகப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டார். அந்த வலது கைக்குச் சூடு தெரியவில்லை. திரும்பிப் போனதும் அதே கையைத்தானே மண்ணுக்குள் விடுவார் என்பதே என் நினைப்பாக இருந்தது.

கிளம்ப நான்கு நாள் இருந்தபோது, "ஏரிக்கு வரியாண்ணா?" என்று கேட்டேன்.

முழங்காலளவுத் தண்ணீரில் குந்தி இருவரும் தடவினோம். என் ஓலைக்கூடையில் கால்வாசி நிறைந்தது. அவருடையது காலி.

"இன்னா பட்டாளம், வெடிய புடிக்கிற கைக்கு எறா சிக்கலயா?" என்றாள் பக்கத்தில் தடவிய குப்பம்மா அக்கா.

"உன்ன பாத்து ஓடிப்போச்சிக்கா" என்று சிரித்தபடி அண்ணன் கையைத் தூக்கினார்.

உள்ளங்கையில் கெளுத்தி முள் ஏறி நின்றது. ரத்தம் முழங்கைவரை வழிந்தது. கெளுத்தி குத்தினால் பெரிய ஆம்பளைகளே அலறுவார்கள். அண்ணன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். குப்பம்மா அக்காவின் முகம் மாறிவிட்டது.

"ண்ணா, கைய பாரு" என்றேன்.

பார்த்தார். முள்ளைப் பிடுங்கினார். கரையேறிய பிறகுதான், "எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார்.

"நீ வந்த அன்னிக்கே."

"சொன்னா இந்த வேலைல வெச்சிக்க மாட்டாங்க, மார்கரெட்டு. அடுத்த வருசம் நாயப் சுபேதார் ஆவ வேண்டியவன்."

"உன் பக்கத்துல நிக்கிறவங்க?" என்று மட்டும் கேட்டேன். அவர் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நான்காம் நாள் ஊருக்குக் கிளம்பினார்.

அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் போனை எடுத்துத் தள்ளிப் போய் இந்தியில் பேசினார். எனக்குப் புரியவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து, "ஆபீசர்கிட்ட சொல்லிட்டேன். போனதும் ஆஸ்பத்திரில காட்டணுமாம். அதுவரிக்கும் வெடி வேல கெடையாது" என்றார்.

ரயில் வந்தது. பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு, வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார்.

"இடது கையால புடிண்ணா" என்றேன்.

மாற்றிப் பிடித்தார்.