கைப்பையில் இருந்த குழாய்ச் சாவி

போன வருஷம் மே மாதம். தாராவியில் எங்கள் சந்தில் நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்க் குழாய். நான்கு வீடுமே திருநெல்வேலிப் பக்கம், ஒரே கோயில். கொடைத் திருவிழா வந்துவிட்டால் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவோம், நான்கு கதவிலும் பூட்டுத் தொங்கும்.

எங்கள் மேல் அறையில் பீகாரிலிருந்து பிழைக்க வந்த ஓர் இளம் ஜோடி, கைக்குழந்தையோடு வாடகைக்கு இருந்தார்கள். நாங்கள் பிடித்து முடித்த பிறகு அந்தப் பெண் இரண்டு குடம் பிடித்துக்கொள்வாள். ஊருக்குக் கிளம்பும்போது குழாய்க்கும் ஒரு பூட்டுப் போட்டேன். சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே என்றார் என் வீட்டுக்காரர்.

“இன்னைக்குத் தண்ணி கேப்பா, நாளைக்குக் குழாயே எங்களுதும்பா. நீங்க சும்மா கெடங்க” என்றேன்.

அவளே வந்து கேட்டபோது, சாவி பிளம்பரிடம் இருக்கிறது என்று வாய் கூசாமல் சொன்னேன். சாவி என் கைப்பையில் இருந்தது. இத்தனைக்கும் கல்யாணமாகி வந்த புதிதில், இந்தி தெரியாமல் ஒரு குடம் தண்ணீருக்குக் கைஜாடை காட்டி நின்றவள்தான் நானும்.

கொடை முடிந்து, ரயிலில் வெந்து நொந்து ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தோம். கதவைத் திறப்பதற்குள் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, செம்பில் தண்ணீரோடு ஏணியில் இறங்கி வந்தாள்.

“பெஹ்லே பானி பீலோ, ஆன்ட்டி.” முதலில் தண்ணீர் குடியுங்கள் என்று செம்பை நீட்டினாள்.

இருந்த தாகத்தில் மடமடவென்று குடித்துவிட்டேன். பிறகுதான் குழந்தையைப் பார்த்தேன். துவண்டுபோய் இருந்தது. கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். சாக்கடையோரக் குழாயில் பிடித்த தண்ணீரால் வாந்தி பேதியாகி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிள்ளை பிழைத்ததே பெரிதாகிவிட்டதாம். இப்போது மெயின்ரோட்டிலிருந்து சுமந்து வந்து காய்ச்சிக் கொடுக்கிறாளாம். நான் குடித்தது அந்தத் தண்ணீர். பிளம்பரையும் தேடிப் போயிருக்கிறாள். சாவியே தன்னிடம் இல்லை என்றானாம். தொலைத்துவிட்டுப் பொய் சொல்கிறான், நீங்கள் இனி எப்படித் திறப்பீர்கள் என்று எனக்காகக் கவலைப்பட்டாள்.

மறுநாள் காலை தண்ணீர் வரும் நேரத்தில் அவளும் குடத்தோடு நின்றாள். வேறு வழியில்லாமல் பையிலிருந்து சாவியை எடுத்தேன். அவள் சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குடத்தை வழக்கம்போல வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள்.

அந்தக் குடத்தை எடுத்து முதலில் வைத்தேன். இன்றுவரை அப்படித்தான், பூட்டையும் எறிந்தாயிற்று. மன்னிப்புக் கேட்கத்தான் எனக்கு இன்னும் வாய் வரவில்லை. யாராவது செம்பில் தண்ணீர் நீட்டினால் முதல் மடக்கோடு வெட்கத்தில் செம்பைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.