வடக்கு முற்றத்து வெயில்

தெரு அவளுக்கு வைத்த பெயர் வெள்ளைக்காரம்மா. ஆள் நல்ல கறுப்பு; அவள் துவைத்துக் கொடுக்கும் விரிப்புகள்தான் வெள்ளை. மூன்று தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் அவளிடம் வந்தன. காலையில் கொடியேறியவை மாலைக்குள் மொறமொறவென்று காய்ந்துவிட வேண்டும். பத்து வருஷம் வாடகை மொட்டைமாடியில் காயப்போட்டவளுக்கு அப்பாவின் வீட்டில் பங்கு வந்தது.

மூன்று மாடி வீடு. வடக்கே ஒரு முற்றம், தெற்கே ஒரு முற்றம். பங்குக்கு இன்னொரு ஆள் அண்ணன் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். ஜூன் மாதத்தில் அவனே கூப்பிட்டு, "எந்தப் பக்கம் வேணுமோ எடுத்துக்கோ. உனக்குத்தான் வெயில் முக்கியம்" என்றான்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு நாள் பூராவும் இரண்டு முற்றத்துக்கும் நடையாய் நடந்து, மணிக்கு ஒருமுறை நிழல் விழுந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். வீட்டின் நிழல் தெற்கே விழுந்தது. வடக்கே வெயில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சாக்பீஸ் கொடுத்ததே அண்ணன்தான். "நல்லாப் பார்த்துக்கோ. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது" என்று சிரித்தான். வடக்கை எழுதி வாங்கிக்கொண்டு, இப்படி ஓர் அண்ணன் யாருக்கு வாய்க்கும் என்று விடுதி விடுதியாய்ப் பெருமையடித்தாள்.

செப்டம்பரில் நிழல் வீட்டுச் சுவரை விட்டு இறங்கி முதல் கொடியைத் தொட்டது. மேகமூட்டம் என்று நினைத்தாள். நவம்பரில் ஐந்தாவது கொடியும் போயிற்று. டிசம்பரில் மதில் உச்சியில் மட்டும் ஒரு முழம் வெயில். விரிப்புகள் ஈரவாடை அடித்தன. பெரிய விடுதிக்காரர் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு ஆள் பார்த்துக்கொண்டார். அந்த வேறு ஆள் வேறு யாருமில்லை, தெற்கு முற்றத்தில் அண்ணன் குடிவைத்த புதுச் சலவைக்காரர்.

அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"வெயில் எங்கே அண்ணா போச்சு?"

"அது எங்கேயும் போகலை. பூமி தன்னைத்தானே சுத்துறதால பகலும் ராத்திரியும் வருது. நீ அளந்தது அந்தச் சுத்தை. சாஞ்சபடியே அது சூரியனையும் சுத்துது, அதுக்கு ஒரு வருஷம் ஆகும். ஜூன்ல பூமியோட வடபாதி சூரியன் பக்கம் சாஞ்சிருக்கும், இப்ப தென்பாதி. அதான் வெயில் தெற்கே இறங்கிடுச்சு. ஏப்ரல்ல திரும்பி வந்துடும்."

ஒரு சொல் தடுமாறவில்லை. அத்தனை சுத்தமாக ஒப்பித்ததுதான் அவளைக் கொன்றது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

"இதெல்லாம் ஜூன்லயே உனக்குத் தெரியும்."

"இருபது வருஷமா நடத்துற பாடம், தெரியாமலா இருக்கும்? நீதான் கேக்கவே இல்லையே."

"எதுக்குக் கேக்கணும்? பக்கத்துல நின்னது என் அண்ணன்னு நினைச்சேன்."