மலைமேல் பனங்காடை மார்க்

கரிசல் சீமையில் மேகம் திரண்டால் சந்தோஷப்படாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். கோவில்பட்டிக் கண்ணபிரான் சந்தோஷப்பட மாட்டார். சொந்தத்தில் ஒரு சின்னத் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர் அவர். குச்சியும் மருந்தும் அட்டையும் சுள்ளென்று காய்ந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். வானம் லேசாக இருண்டாலே, மாடியில் வடகம் காயப்போட்டவரைப்போல உள்ளுக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவார்.

அவருடைய சினேகிதர் பசுவந்தனை சங்கரபாண்டிக்கோ மானாவாரி நிலம். உளுந்தையும் பருத்தியையும் விதைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தபடி இருப்பவர். இருவரும் சேர்ந்தேதான் கோயிலுக்குப் போவார்கள். ஒருவர் மழை கேட்பார், மற்றவர் வெயில் கேட்பார்.

"ஒரே தேங்காய உடைச்சிட்டு இப்படி ஆளுக்கொண்ணு வேண்டுனா சாமி என்ன செய்வாரு? தலையச் சொறிஞ்சுகிட்டு நாலு தூத்தலப் போட்டுட்டு ஒதுங்கிருதாரு" என்பாள் கண்ணபிரானின் மனைவி உமாதேவி.

உமாதேவிக்குக் குளிருகிற ஊர் ஒன்றைப் பார்க்கவேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்தே ஆசை. கேட்கும்போதெல்லாம் கண்ணபிரான், "மார்கழியில மாடியில படு. நல்லாக் குளிரும்" என்று முடித்துவிடுவார். போன சித்திரையில் வெக்கை தாங்காமல் வீட்டு நாய் குளியலறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டபோதுதான் அவர் மனம் இளகியது. சங்கரபாண்டியையும் ஏற்றிக்கொண்டு மூவரும் கொடைக்கானல் போனார்கள்.

போய் இறங்கிய மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. சங்கரபாண்டி நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஏந்தினார். "அண்ணாச்சி, இந்த மழை இங்கன பாறை மேல வீணாப் பேயுதே. பசுவந்தனைக்கு வழி தெரியலையா இதுக்கு?" என்று பொருமினார். கண்ணபிரான் ஒதுங்க இடம் தேடி ஓடினார். எதிரே மேட்டில் ஒரு பழைய வேதக்கோயில், அதாவது சர்ச், தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டடம். சுவரெல்லாம் பாசி. மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

உள்ளே நல்ல இருட்டு. கரண்டு இல்லை. மாலைப் பூசைக்காக, கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை பீடத்தில் மெழுகுவத்தி ஏற்ற வந்தார். தீப்பெட்டியை எடுத்தார். உரசினார். 'சர்ர்' என்றது, பற்றவில்லை. இன்னொரு குச்சி. தலை பொடிந்து உதிர்ந்தது. இன்னொன்று. அது ஒடிந்தது. காலடியில் குச்சிகள் விழுந்துகொண்டே இருந்தன.

"எந்த ஊர்க்காரன் செஞ்சானோ! மருந்து வைக்கச் சொன்னா மாவு வச்சிருக்கான்" என்று சொல்லித் தீப்பெட்டியை விட்டெறிந்தார் கோயில்பிள்ளை. அது வழுக்கிக்கொண்டு வந்து கண்ணபிரானின் காலருகே நின்றது. பெட்டியின் மேல் நீல இறகு விரித்த பனங்காடைக் குருவிப் படம்.

பனங்காடை மார்க் கண்ணபிரானுடையது.

உமாதேவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சங்கரபாண்டி கூரையைப் பார்த்தார். பின்னாலிருந்த வீட்டுக்குப் போன கோயில்பிள்ளை, அடுப்பு பற்றவைக்கிற லைட்டரைக் கொண்டுவந்து 'டக்' என்று அடித்து மெழுகுவத்தியை ஏற்றினார். அந்த 'டக்' சத்தம் கண்ணபிரானின் நெஞ்சில் விழுந்தது. ஊரில் அவருக்கு ஜென்ம எதிரி என்று யாராவது உண்டென்றால் அது லைட்டர்தான்.

பூசை முடிந்ததும் கோயில்பிள்ளை அருகில் வந்து, "எந்த ஊரு சார்?" என்று அன்பாக விசாரித்தார்.

"கோவில்பட்டி."

"அடடே, தீப்பெட்டி ஊராச்சே! சாருக்கும் அதான் தொழிலா?"

"இல்ல, பஞ்சு யாவாரம்" என்றார் கண்ணபிரான். குரல் அவருக்கே கேட்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகும் மனுஷனுக்கு நிலைகொள்ளவில்லை. மலையில் கடையில் இருந்தபோதே ஈரம் இறங்கியிருக்கிறது, அதில் இவர் குற்றம் ஒன்றும் இல்லை. உமாதேவி அதைத்தான் சொன்னாள். கண்ணபிரான் கேட்கவில்லை. மருந்தில் கொஞ்சம் மாற்றினார். உரசுகிற பட்டைக்குப் பூச்சை மாற்றினார். பெட்டிகளை மெழுகுத்தாளில் சுற்றிப் பார்த்தார். குளியலறையில் வெந்நீரைக் கொதிக்கவிட்டு, ஆவிக்குள் உட்கார்ந்து குச்சி உரசினார். திருப்தி இல்லை. "ஆவி வேற, மலை ஈரம் வேற. அங்கனயே போய்த்தான் பாக்கணும்" என்றார்.

உமாதேவிக்கு அடித்தது யோகம்.

சங்கரபாண்டி நிலத்தோடு நின்றுகொள்ள, புருஷனும் பெண்டாட்டியுமாக மூணாறு போனார்கள். வால்பாறை போனார்கள். ஏற்காடு போனார்கள். எங்கே போனாலும் கண்ணபிரான் முதலில் விசாரிப்பது, "இங்கன பழைய வேதக்கோயில் எங்க இருக்கு?" என்றுதான். ஈரம் ஊறிய கல் கட்டடம் வேண்டும், தினமும் மெழுகுவத்தி எரியவேண்டும். சோதனைக்கு அதைவிடத் தோதான இடம் இல்லை என்பது அவர் கணக்கு. பீடத்தருகே ஒரு தீப்பெட்டிப் பண்டலைக் காணிக்கையாக வைத்துவிட்டு வருவார். மறுநாளும் அதற்கு மறுநாளும் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பற்றுகிறதா என்று கண் இமைக்காமல் பார்ப்பார். உதடு தானாக அசையும். பார்க்கிறவர்களுக்கு ஆழ்ந்த ஜெபம். வால்பாறையில் ஒரு பாட்டியம்மா இவர் பக்தியைக் கண்டு கண்கலங்கி, தன் மகனை அழைத்துக் காட்டினாள். உமாதேவி இதற்குள் கோயில்களைச் சுற்றிப் பார்த்து, எந்தக் கோயிலில் மணி எப்படி ஒலிக்கும், எந்தச் சன்னலின் வண்ணக் கண்ணாடியில் எந்தக் கதை இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தவளாகிவிட்டாள். அவள் கூப்பிட்டுக் காட்டும்போதெல்லாம் அவர், "செத்த இரு, அவரு பெட்டியை எடுக்காரு" என்பார்.

கோவில்பட்டியில் சேதி வேறு மாதிரி பரவியது. கண்ணபிரான் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டார்!

விளாத்திகுளத்திலிருந்து அக்கா ராஜமணி முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏலே தம்பி! குலசாமிக்கு இனி யாருலே பொங்க வைப்பா? ஊரே கேக்குது, நான் என்ன பதில் சொல்ல?"

உமாதேவி, "மதினி, விசயம் என்னன்னா..." என்று தொடங்கினாள். கண்ணபிரான் அவளை முறைத்த முறைப்பில் மீதியை விழுங்கிவிட்டாள். பனங்காடை மார்க் பற்றவில்லை, லைட்டர்தான் பற்றவைத்தது என்று வெளியே தெரிந்தால் மற்ற தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

"அப்படியே வச்சுக்கோ அக்கா" என்றார் கண்ணபிரான்.

ராஜமணி அசரவில்லை. "அடுத்தால எங்க போறீங்க? குன்னூரா? நானும் வாரேன். அப்படி என்ன சொக்குப்பொடி அங்கன இருக்குன்னு பாக்கேன்" என்றாள். திருநீற்றுப் பையை இடுப்பில் முடிந்துகொண்டு காரில் ஏறினாள்.

குன்னூரில் மஞ்சு மூடிக் கிடந்தது. தேயிலைச் சரிவுக்கு நடுவே அந்தக் கோயில் பாதிதான் தெரிந்தது. மூன்றாம் நாளும் ராஜமணி உள்ளே வர மறுத்து, வெளியே கல்லறைகளுக்கு நடுவில் நின்றுகொண்டாள். ஒரு சின்னக் கல்லைக் காட்டி, "இதுல என்னட்டி எழுதியிருக்கு?" என்று கேட்டாள். உமாதேவி எழுத்துக்கூட்டிப் படித்தாள். வெள்ளைக்காரக் குழந்தை. இரண்டு வயது நிறையவில்லை.  ராஜமணி குனிந்து, முந்தானையால் அந்தக் கல்லின் பாசியைத் துடைத்தாள். "யாரு பெத்த பிள்ளையோ. கடல் தாண்டிக் கொண்டாந்து இந்தக் குளிருல விட்டுட்டுப் போயிருக்காளே" என்றாள். அதன்பின் யாரும் கூப்பிடாமலே கோயிலுக்குள் வந்து உட்கார்ந்தாள்.

கோயில்பிள்ளை பீடத்துக்கு வந்தார். கண்ணபிரான் வந்த அன்றே வைத்து, இரண்டு நாளாக அந்த ஈரத்திலேயே கிடந்த பனங்காடைப் பெட்டியை எடுத்தார். கண்ணபிரான் தூணை இறுகப் பிடித்துக்கொண்டார். முதல் குச்சி சீறி அணைந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது உரசலில் 'குப்'பென்று மஞ்சள் வெளிச்சம் எழுந்தது.

கோயில்பிள்ளை மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி தன் பாட்டுக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்கு அவருக்கு என்ன இருக்கிறது? தீக்குச்சி பற்றுவது ஒரு சேதியா?

ஆனால் ராஜமணி தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டாள். சின்ன வயதில் பம்பரம் முதன்முதலாகச் சுற்றியபோது இருந்த அதே முகம்.

"ஏலே, சாமியப் பாக்க வரலையா நீ? தீப்பெட்டியவா பாத்துக்கிட்டிருக்க?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்து, கொடைக்கானல் மழையிலிருந்து அத்தனையையும் கிசுகிசுப்பாகச் சொல்லி முடித்தார். ராஜமணிக்கு வந்த சிரிப்பில் பெஞ்சே ஆடியது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊருல கேட்டா என்னலே சொல்ல?"

"வேதத்துக்கு மாறிட்டேன்னே சொல்லு அக்கா. தீப்பெட்டி நமத்துப்போச்சுன்னு மட்டும் சொல்லிராத."

வெளியே மழை வலுத்தது. பாட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைக்காகப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒரே இடத்தில் தப்பு விட்டார்கள். ராஜமணி சாய்ந்து தூங்கிப்போனாள். வேறு வேலை இல்லாததால் கண்ணபிரான் தலையை நிமிர்த்தினார். மரக்கூரை கவிழ்த்த தோணிபோல இருந்தது. அதன் கீழே, நீண்ட கண்ணாடிச் சன்னலில் ஒருவர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவர் அங்கி நீலம். மழை தணிந்து மஞ்சு விலக விலக, வெயில் பட்டு அந்த நீலம் தரையில் இறங்கி, பெஞ்சு மேல் ஏறி, உமாதேவியின் கையில் படிந்தது.

"இது எப்பலேர்ந்து இங்கன இருக்கு?" என்றார்.

"நூறு வருசத்துக்கு மேல இருக்கும்" என்றாள் உமாதேவி. "மூணாறுல இருந்தது இத விடப் பெருசு. கூப்பிட்டேன், நீங்க வரல."

கண்ணபிரான் கொஞ்சம் நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மழை விட்டுவிட்டது, டிரைவர் ஹாரன் அடித்தான். ராஜமணி விழித்து, "போவமா?" என்று எழுந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு இருங்க" என்றார் கண்ணபிரான், கண்ணைக் கீழே இறக்காமல். "அந்தப் பக்கத்துச் சன்னல இன்னும் பாக்கல. பாத்துட்டு வாரேன்."