தெர்மாகோல் டப்பாவில் சோற்றுப் பருக்கை

கோடை விடுமுறையில் கல்லூரி ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள். அதனால் என் புழுக்களை ஸ்ரீரங்கத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். பறவைக் கடையில் தீனியாக விற்பார்களே, அந்த மாவுப்புழுக்கள். தெர்மாகோலைத் தின்று செரிப்பவை. எவ்வளவு செரிக்கின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. வேலை பார்த்துக்கொண்டே ஆறு வருடம் இழுத்தாயிற்று. இதுதான் கடைசி அவகாசம்.

கொல்லைத் தாழ்வாரத்தில் இரண்டு டப்பாக்கள். ஒன்றில், ஒப்பிட்டுப் பார்க்க, தவிடு. மற்றதில் ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியின் தெர்மாகோல் மட்டும். வேறு எதுவும் விழக் கூடாது. அந்த மதியங்களை நினைத்தால் இப்போதும் கண் சொருகுகிறது. கொள்ளிடத்துக் காற்றில் கொடித்துணி ஆடும். நாற்காலியில் சாய்ந்தபடி, வாய்க்காலை அடைத்த பைகளும் ரோட்டோரத் தட்டுகளும் மெல்ல மெல்லக் கரைந்து, ஊரே வெறுந்தரையாகக் கிடப்பதாகக் கனவு காண்பேன். பாதி தூக்கம், பாதி ஆசை.

மூன்றாவது வாரம் எடை போட்டால், தெர்மாகோல் புழுக்கள் கொழுகொழுவென்று இருந்தன. என் ஆய்வு வழிகாட்டி மேடத்துக்கு உடனே போன் போட்டேன். "சூப்பர்ம்மா, எழுத ஆரம்பிச்சிடு" என்றார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் தெர்மாகோலைப் புரட்டினால், அடியில் காய்ந்த சோற்றுப் பருக்கைகள். பருப்பு வேறு ஒட்டியிருந்தது.

என் வீட்டுக்காரருக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. காக்காய்க்கு ஒரு பிடி வைக்காமல் தட்டில் கை வைக்க மாட்டார். கொல்லைக்குப் போகிற வழியில்தான் டப்பாக்கள்.

"என்னங்க, இதுல சோறு போட்டீங்களா?"

"தினம் ஒரு சிட்டிகைதான். பக்கத்து டப்பாவுல அதுங்க வக்கணையா தவிடு தின்னுது. இதுங்களுக்கு வெறும் தெர்மாகோல். பாத்துட்டு எனக்கு எப்படிச் சோறு எறங்கும்?"

"என் ஆறு வருஷத்தையும் ஒரு சிட்டிகையில முடிச்சிட்டீங்க" என்று கத்திவிட்டு அழுதேன். அவர் கையிலிருந்த சோற்றுத் தட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார்.

மேடத்துக்கு மறுபடி போன். "சோறா? யாரும்மா போட்டது?" என்றார். நான் எதிரே நின்ற வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தேன்.

"நான்தான் மேடம். பாவமா இருந்துச்சு" என்றேன்.

திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டேன். கடைசியில் மேடம் இன்னும் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். புதுப் புழு, புது தெர்மாகோல், முதலிலிருந்து.

"நான் தங்கச்சி வீட்ல இருந்துக்கறேன். இங்க இருந்தா கை சும்மா இருக்காது" என்று வீட்டுக்காரர் இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு திருவெறும்பூர் போனார். போகட்டும் என்றுதான் இருந்தேன். சாயங்காலமே வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது.

பத்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு அவர் போன் வந்தது.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சுங்க. ரசமும் அப்பளமும்."

"உன்னைக் கேக்கல. அதுங்களைக் கேட்டேன்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன எனக்கு. டப்பாவைத் திறந்தேன். வெள்ளைக் கட்டி முழுக்க ஓட்டை. உள்ளே நறநறவென்று மெல்லிய சத்தம். போனைக் கிட்டே வைத்தேன். அதுங்க தின்கிற சத்தத்தை ஆசை தீரக் கேட்டுவிட்டுத்தான் பேசினார்.

"சரி. நான் போய்ச் சாப்பிடறேன்."