குட்டு விழாத ரிவர்ஸ்

குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸைத் தொலைத்தது என் புருஷன். அதற்கு மண்டையில் குட்டு வாங்கியது நான்.

நாங்கள் குடியேறிய கிரெய்கிபர்னில் அவருடைய மண் லொறி சும்மா நின்றது. சின்ன லொறி லைசென்ஸ் என்னிடம் இருந்தது. ட்ரெயிலர் கொழுவிய பெரிய லொறிக்கு இன்னொரு டெஸ்ற். அதற்கு என்னை அவரே லொறி நிறுத்தும் யார்டில் வைத்துப் பழக்கினார். ரிவர்ஸ் எடுக்கும்போது ட்ரெயிலர் இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் வெட்ட வேண்டும். மாறி வெட்டினால் நடுமண்டையில் நறுக்கென்று குட்டு. பிறகு கன்னத்தில் அறை. ஒருநாள் தலைமயிரைப் பிடித்து ஸ்டியரிங்கிலேயே மோதினார். உதடு வெடித்து இரத்தம் மடியில் ஒழுகியது.

"துடைச்சுப்போட்டு ரிவர்ஸ எடு," என்றார்.

எடுத்தேன். நாசமாய்ப் போவான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் எடுத்தேன்.

அடித்து ஓய்ந்த பிறகு குரல் இளகும். "நான் என்ன செய்ய, கோவம் வந்தா கை தன்ரபாட்டில எழும்புது." நானும் நம்பினேன், விசரி.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. டெஸ்ற் பாஸானால் உடனே வேலை தருவதாக வேறொரு லொறிக்காரர் சொல்லியிருந்தார். மகளோடு சிநேகிதி வீட்டுக்குப் போக உடுப்பும் அடுக்கி வைத்திருந்தேன். பெயிலானால் திரும்பவும் அதே சீற், அதே குட்டு.

எனக்கு டெஸ்ற் எடுக்க வந்த அதிகாரி நெட்டையான வெள்ளைக்காரர். ரோட்டில் நான் ஒரு பிழையும் விடவில்லை. கடைசியாக டெஸ்ற் நடக்கும் யார்டில் ரிவர்ஸ். ட்ரெயிலர் பாதி உள்ளே போயிருந்தது. முகத்தில் வெயில் அடிக்கிறதென்று பக்கத்தில் இருந்த அவர் வெயில் மறைப்பை இறக்கக் கையைத் தூக்கினார். மாதாவே! இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டேன். கால் பிரேக்கில் ஏறி மிதித்தது. லொறி முழுவதும் குலுங்கி நின்றது.

அவர் தன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்துகொண்டார். ஆறுதலாகச் செய்யலாம் என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கொதிதான் வந்தது. அந்தக் கொதியிலேயே ட்ரெயிலரைக் கோட்டுக்குள் நேராக விட்டேன்.

பாஸ் என்றதும் கேற்றடியில் நின்ற புருஷனுக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியே, என்ர குட்டு வேலை செய்திருக்கு. நாளைக்கு விடிய லோட் இருக்கு."

"உங்கட லொறிய நான் ஓட மாட்டன். வேற இடத்தில வேலை எடுத்திட்டன். பிள்ளையக் கூட்டிக்கொண்டு போறன்."

"என்னடி சொன்னனி?"

கை எழும்பியது. இந்த முறை நான் குனியவில்லை. என் பின்னால் டெஸ்ற் எடுத்தவர் வெளியே வந்து நிற்பதைப் புருஷன் அப்போதுதான் கண்டார். ஓங்கிய கை பாதியில் நின்றது. மெல்லக் கீழே வந்து காற்சட்டைப் பைக்குள் போனது. அந்த மனிதரைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

இத்தனை வருஷமும் தன்பாட்டில் எழும்பிய கை. வெடித்த உதட்டோடு அந்தக் கைக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறேன். அதை இறக்க அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.